நாற்பத்தொன்றாவது வரி

"நாற்பது கையெழுத்து போட்டீங்க. இந்த ஒண்ணை மட்டும் ஏன் போட மாட்டேங்கறீங்க?"

லிஃப்ட் கூண்டின் கூரைமேல் மண்டியிட்டு, கதவு உருளைக்குக் கிரீஸ் தடவிக்கொண்டே கேட்டாள் குமுதவல்லி.

ஐந்தாம் மாடித் தரையில், திறந்த கதவுக்கு வெளியே சம்மணமிட்டு உட்கார்ந்து அவளுக்கு டார்ச் பிடித்துக்கொண்டிருந்தான் சீலன்.

"இடது பக்க உருளை விட்டுப்போச்சுக்கா."

"விட்டுப்போகல. அதைத்தான் முதல்ல முடிச்சேன்."

அவன் டார்ச்சை இடது பக்கம் திருப்பினான். குனிந்து பார்த்தான்.

"ஆமா. முடிச்சிட்டீங்க."

வெளிச்சம் மறுபடி அவள் கைக்கு வந்தது. 

அவன்தான் அவளுடைய பயிற்சியாளன். அவளைவிட இரண்டு வயது சின்னவன். ஐ.டி.ஐ. முடித்த கையோடு லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. அவள் பி.இ. படித்துவிட்டு, இரண்டு வருடம் ஜவுளிக்கடையில் பில் போட்டுவிட்டு, அப்ரண்டிஸாக வந்தவள். முதல் நாள் அவனை "சார்" என்று கூப்பிட்டாள். யாரைக் கூப்பிடுகிறாள் என்று அவன் திரும்பிப் பார்த்தான். அதற்குப் பிறகு பெயர்தான். நீங்களா நீயா என்பது மட்டும் ஒரு வருடமாக முடிவாகவில்லை. வேலை நேரத்தில் நீங்க. கோபம் வந்தால் நீ.

பயிற்சிப் புத்தகத்தில் நாற்பத்தொரு வரிகள். வரிக்கு ஒரு வேலை. கயிறு பார்ப்பது, பிரேக் சரிசெய்வது, கதவு, கதவுப்பூட்டு, எண்ணெய். நாற்பதிலும் அவன் கையெழுத்து இருந்தது.

நாற்பத்தொன்றாவது வரி: தனியாக வேலை செய்யத் தகுதியானவர்.

சனிக்கிழமையோடு வருடம் முடிகிறது. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் கம்பெனி வேலை தராது. மறுபடி ஜவுளிக்கடை. அன்று வியாழன்.

"நான் என்ன தப்பு பண்ணேன்னாவது சொல்லுங்க."

"தப்பே இல்லக்கா."

"அப்ப?"

டார்ச்சின் பின்பக்கத்தால் காதைச் சொறிந்தான். 

"மேல மெஷின் ரூம்ல புறா முட்டை வச்சிருக்குல்ல?"

"அதுக்கு?"

"இன்னிக்கு எத்தனை முட்டை?"

"எனக்கெப்படித் தெரியும்? நீங்கதானே ஏறிப்போய் மெயினை ஆஃப் பண்ணிட்டு வந்தீங்க."

"ஆமா."

"எத்தனை?"

"ரெண்டு."

இன்னும் ஏதோ சொல்வான் என்று காத்திருந்தாள்.

"கிரீஸ் வழியுது பாருங்க" என்றான்.

துடைக்கத் துணி தேடிப் பைக்குள் கைவிட்டாள். கையில் தட்டுப்பட்டது பூட்டு. முதல் நாள் கம்பெனி தந்த மூன்று பொருள்களில் ஒன்று: தலைக்கவசம், காலணி, ஒரு சிவப்புப் பூட்டு. பூட்டு பிளாஸ்டிக் உறையோடு அப்படியே கிடந்தது. வகுப்புத் தேர்வில் அதைப் பற்றிப் பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி வந்தது. பத்துக்குப் பத்து வாங்கினாள்.

அதைத் தள்ளிவிட்டுத் துணியை எடுத்தாள்.

*

பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தாள்.

முட்டை எதற்கு? பொறுமை வேண்டும் என்கிறானா? அடைகாக்கிற புறாவை வைத்துத்தான் பொறுமையைச் சொல்வார்கள்.

கவனம் போதாது என்கிறானா? இருக்கலாம். சுற்றுமுற்றும் பார்க்காமல் வேலையை மட்டும் பார்க்கிறேன் என்று நினைக்கிறானோ.

இல்லை, வெறுமனே கிண்டலா? அவன் முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மோட்டாரை ஓட்டும் டிரைவ் எரிந்துபோன அன்றும் அதே முகம்தான். சம்பளத்தன்றும் அதே முகம்தான்.

இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய் இறங்கினாள்.

*

வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் முன்னாலேயே வந்தாள். ஏழு மாடியும் ஏறினாள். மெஷின் ரூமுக்குள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். துடைப்பக் கட்டையால் புறாவை மெல்ல நகர்த்தி எண்ணினாள்.

சீலன் கீழே டீக்கடையில் இருந்தான். போய் முன்னால் நின்றாள்.

"முட்டை ரெண்டு. ஃபியூஸ் மூணு உபரியா இருக்கு. ஜன்னல் கண்ணாடில விரிசல். காலண்டர் போன வருஷத்துது. தீயணைப்பு சிலிண்டருக்குத் தேதி முடிய ஒரு மாசம் இருக்கு."

டம்ளரை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான்.

"காலண்டர் போன வருஷத்துதா?"

"ஆமா."

"கவனிச்சதே இல்லக்கா."

உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். அவளுக்கு எரிச்சல் வந்தது.

"முட்டை ரெண்டுன்னு சொன்னேன்ல?"

"நேத்து?"

"நேத்தும் ரெண்டுதான்."

"எண்ணினீங்களா?"

"நீங்கதானே சொன்னீங்க?"

"நான் சொன்னேன்" என்றான் சீலன்.

டீயை எடுத்துக் கடைசி வாய் குடித்தான்.

"வடை சூடா இருக்கு. ஒண்ணு சாப்பிடறீங்களா?"

"வேண்டாம்."

அப்போது மேனேஜர் போன் பண்ணினார். எதிரே லாரி போனதால் சீலன் ஸ்பீக்கரில் போட்டான்.

"யோவ், அந்தப் பொண்ணு புத்தகம் இன்னும் வரலையே. ஒழுங்காத்தானே வேலை பாக்குது?"

"ஒழுங்காத்தான் சார். டிரைவெல்லாம் என்னைவிட நல்லாப் பாக்கறாங்க."

"அப்புறம் என்னய்யா? ஏதாவது பிரச்சினையா?"

"இல்ல சார்."

"அப்பப் போட்டுவிட வேண்டியதுதானே? ஏன் இழுக்கற?"

"தெரியல சார்."

"தெரியலையா?"

"சொல்லத் தெரியல சார்."

"நல்லா இருக்குய்யா உன் கதை" என்று போனை வைத்தார் மேனேஜர்.

குமுதவல்லி வடையை எடுத்துக் கடித்தாள். என்ன செய்கிறோம் என்று தெரியாமல்தான் எடுத்தாள்.

"நானும் ஒண்ணு கேக்கறேன்."

"கேளுங்கக்கா."

"நான் மேல போய் ஆஃப் பண்ணிட்டு, ஆஃப்னு சத்தம் கொடுப்பேன். நீ என்ன பண்ணுவ? இறங்க வேண்டியதுதானே? அத்தனை படியும் ஏறி வந்து பாப்ப. ஒரு வருஷமா இதுதான் நடக்குது. ஒரு தடவையாவது நான் பொய் சொல்லியிருக்கேனா?"

"இல்லக்கா."

"அப்ப என்மேல நம்பிக்கை இல்ல."

"இருக்கே."

"இருந்தா எதுக்கு ஏறி வர? முட்டி தேயறதுக்கா?"

"நூத்தி நாப்பது படி. எண்ணியிருக்கேன்."

"நான் உன்னை அப்படி நடத்தினேனா? நீ ஆஃப்னு சொன்னா இறங்கிடுவேன். ஒரு நாளாவது ஏறிப்போய்ப் பார்த்தேனா?"

"இல்ல" என்றான் சீலன்.

மிகவும் தணிந்த குரலில் சொன்னான். தான் ஜெயித்துவிட்டதாக அவள் நினைத்தாள்.

*

சனிக்கிழமை. மழைத்தண்ணீர் லிஃப்ட் குழிக்குள் இறங்கி, அங்கே சுவரில் இருந்த ஸ்டாப் சுவிட்ச் துருப்பிடித்துப் போயிருந்தது. அதை மாற்ற வேண்டும். கூண்டு மூன்றாம் மாடியில் நின்றது.

"நான் குழிக்குள்ள. நீங்க மேல போங்கக்கா."

"கையெழுத்து?"

"வேலை முடியட்டும்."

படியேறினாள். மெயின் கைப்பிடியைக் கீழே இறக்கினாள். கூண்டுக்கயிறு போகும் துளை வழியாகக் குனிந்து, "ஆஃப்!" என்று கத்தினாள்.

குரல் ஏழு மாடியும் இறங்கிப் போயிற்று.

பிறகு காலணிச் சத்தம் ஏறி வந்தது.

இன்றைக்குமா? கடைசி நாளன்றுமா?

வெளியே மொட்டைமாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். அவன் உள்ளே போனதும், ஏதோ செய்ததும், மூச்சுவாங்கியபடி வெளியே வந்ததும் எல்லாம் முதுகுக்குப் பின்னால்தான்.

"குஞ்சு பொரியற மாதிரி இருக்குக்கா" என்றது அவன் குரல்.

திரும்பவில்லை. காலணிச் சத்தம் இறங்கிப் போயிற்று.

வெயில் ஏறியது. ஜவுளிக்கடையில் இப்போது யாரைப் பில் மேஜைக்குப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். முகூர்த்த நாள்களில் ஒரு நிமிடம் உட்கார முடியாது. கால் வீங்கிவிடும்.

அரை மணி கழித்து வாட்ச்மேன் சந்தானம் வந்தார். படியேறியதில் வாய் திறந்திருந்தது.

"பாப்பா, கரண்டைப் போட்டு விடு. மூணாவது மாடி ஐயாவுக்கு டயாலிசிஸுக்கு நேரமாச்சு. வீல்சேர்ல உக்கார வச்சிட்டாங்க. கீழ ஆட்டோக்காரன் கத்தறான்."

"வேலை முடியலையே தாத்தா."

"முடிஞ்சிருச்சும்மா. சீலன் தம்பி டீக்கடையில நிக்குது."

"பாத்தீங்களா?"

"என் கண்ணால பாத்துட்டு வரேன். தம்பியோட அதே நீலச் சட்டை. லிஃப்டைப் போட்டுக்கலாமான்னு கேட்டேன். தலையாட்டுச்சு."

சந்தானம் பொய் சொல்கிறவர் இல்லை. சாவி வாங்கினால் சாவியைக் கொண்டுவந்து கொடுப்பார். இந்த ஒரு வருடத்தில் அவர் சொல்லி ஏதும் தவறியதில்லை.

என்னிடம் சொல்லாமல் டீ குடிக்கப் போய்விட்டான் என்று அவள் நினைத்தாள். அதுதான் முதலில் தோன்றியது.

"சீக்கிரம் பாப்பா. அந்த மனுஷன் முகமே ஊதிக் கெடக்கு."

வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் கண் இருட்டியது. இடம் தெரியும். கை நீட்டிக் கைப்பிடியைப் பிடித்து மேலே தள்ளினாள்.

நகரவில்லை.

இறுகிப்போயிருக்கும் என்று நினைத்தாள். இரண்டு கையாலும் பிடித்து, மூச்சைப் பிடித்து மேலே தள்ளினாள்.

நகரவில்லை.

கண் பழகியது. கைப்பிடியின் துளையில் ஒரு சிவப்புப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. சாயம் உதிர்ந்த பூட்டு. சீலனுடையது. ஆணியால் கீறி எழுதிய அவன் பெயர் பாதி தேய்ந்திருந்தது.

"என்னம்மா?" என்றார் சந்தானம்.

அவள் கையை எடுத்தாள்.

படியில் எப்படி இறங்கினாள் என்று பிறகு அவளுக்கு நினைவில்லை.

தரைத்தளத்தில் லிஃப்ட் கதவு திறந்திருந்தது. குழிக்குள் டார்ச் எரிந்துகொண்டிருந்தது.

சீலன் கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றிருந்தான். இடது கையில் தோல் சீவிய ஒயர்கள் நான்கு. ஐந்தாவதைப் பல்லில் கடித்திருந்தான்.

அவளைப் பார்த்து, ஒயரை வாயிலிருந்து எடுத்தான்.

"வந்தீங்களா? அந்த டேப்பை எடுங்கக்கா."

எடுத்துக் கொடுத்தாள். டேப் அவள் கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது.

"இன்னொண்ணு பையில இருக்கு."

அதையும் எடுத்துக் கொடுத்தாள். இந்தத் தடவை அவன் எட்டி வாங்கிக்கொண்டான்.

சந்தானம் மெல்ல இறங்கி வந்து சேர்ந்தார். குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"அட, நீ இங்கதான் இருக்கியா தம்பி? அப்ப டீக்கடையில யாரு?"

"டீக்கடையில யாரு?" என்று சீலனும் கேட்டான்.

"நீலச் சட்டை..." என்று சந்தானம் வாசலைப் பார்த்தார். தொட்டி கழுவ வந்தவன், நீலச் சட்டையோடு, தோளில் குழாயைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தான்.

"நல்லாத் தலையாட்டினியே ராசா!" என்றார் சந்தானம்.

"நீங்க லிஃப்டைச் சொல்றீங்கன்னு நினைக்கலையே, தண்ணி மோட்டாரைப் போட்டுக்கலாமான்னுதான் கேக்கறீங்கன்னு நினைச்சேன்" என்றான் அவன்.

மூன்றாம் மாடியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். சந்தானமும் அவனும் மேலே ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் நான்கு பேர் நாற்காலியோடு அந்த ஐயாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். "மெல்ல, மெல்ல" என்று ஐயாவே சொல்லிக்கொண்டு வந்தார். ஆட்டோ போயிற்று.

குமுதவல்லி குழியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையில் கைப்பிடியின் விளிம்பு பதிந்த கோடு ஒன்று சிவந்திருந்தது.

சீலன் ஐந்து ஒயரையும் புதுச் சுவிட்சில் முடுக்கினான். ஏணியில் ஏறி வெளியே வந்தான். கால்சட்டையைப் பிழிந்தான்.

"நீங்க மேல ஏதாவது பண்ணீங்களா?"

அவள் உள்ளங்கையை அவனுக்குக் காட்டினாள்.

அவன் அந்தக் கோட்டைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரெண்டு கையாலயா?"

"ரெண்டு கையாலயும்."

"ம்."

எழுந்து படியேறிப் போனான். திரும்பி வந்தபோது அவன் பூட்டு இடுப்பு வளையத்தில் தொங்கியது.

"என் வேலை முடிஞ்சுது, பூட்டை எடுத்துட்டேன். மெயின் ஆஃப்லதான் இருக்கு. நீங்க இறங்கிச் சுவிட்ச் மூடியை மாட்டிடுங்கக்கா. மூணு ஸ்க்ரூதான். அதுக்கப்புறம் தண்ணியை அள்ளிட்டா முடிஞ்சுது."

"சரி."

அவள் ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். வாளியை முதலில் உள்ளே இறக்கினாள். ஏணியின் முதல் படியில் ஒரு கால் வைத்தாள்.

சீலன் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, காலணியைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தான்.

இவன் பொய் சொல்கிறவன் இல்லை. ஒரு வருடத்தில் ஒரு நாளும் சொன்னதில்லை. இப்போதும் ஆஃபில்தான் இருக்கும்.

குமுதவல்லி காலை எடுத்தாள்.

பைக்குள் கை விட்டாள். பிளாஸ்டிக் உறை கையால் கிழியவில்லை. பல்லால் கிழித்தாள். பூட்டில் புதுச் சாயத்தின் வாசனை அடித்தது.

படியேறினாள். பாதியில் மூச்சு முட்டியது. நின்று, மறுபடி ஏறினாள்.

மெயின் கைப்பிடி கீழேதான் இருந்தது. அவன் சொன்னபடியே.

டெஸ்டரை வைத்துப் பார்த்தாள். எரியவில்லை. பூட்டைத் துளையில் மாட்டி அழுத்தினாள். ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். சாவியைச் சட்டைப் பையில் போட்டு, பையின் பொத்தானையும் மாட்டினாள்.

அப்புறம்தான் கூட்டைப் பார்த்தாள்.

கீழே வந்தபோது சீலன் காலணியை மாட்டிக்கொண்டிருந்தான். அவன் பைமேல் அவளுடைய புத்தகம் விரிந்து கிடந்தது. கடைசிப் பக்கம். நாற்பத்தொன்றாவது வரியில் மை இன்னும் காயவில்லை. பக்கத்தில் மூடாத பேனா.

அவள் அதைப் பார்த்தாள். எடுக்கவில்லை.

"குஞ்சு?" என்றான் சீலன்.

"ஒண்ணு வந்திருச்சு. இன்னொண்ணு முட்டையாத்தான் இருக்கு."

"சரி. தண்ணி அள்ள நானும் இறங்கணும்ல" என்று எழுந்தான்.

இடுப்பிலிருந்து தன் பூட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு படிப்பக்கம் திரும்பினான். ஈரக் காலணிச் சத்தம் முதல் மாடி ஏறியது. இரண்டாம் மாடி ஏறியது.

குமுதவல்லி குழிக்குள் இறங்கினாள். அவன் வந்தால் நிற்க இடம் வேண்டும். வாளியை நகர்த்தி ஓரமாக வைத்தாள்.